திரை வரும் வரை

பயந்துக்கிட்டு ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க சார், மொதத் தடவை கொஞ்ச நேரம் எடுக்கும் என்று நூறடி ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இந்த ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது சுவிட்சைப் போட்டாகிவிட்டது. மேசைக்குக் கீழே பெட்டிக்குள் மின்விசிறிகள் சுற்றுகின்றன, ஒரு பச்சை விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பாக இருக்கிறது. முதலில் சிக்னல் இல்லை என்று ஒரு சின்னக் கட்டம் மிதந்தது. பிறகு அதுவும் சலித்துப்போய் மறைந்துவிட்டது. இப்போது அந்தக் கருப்பில் ஜன்னல் கம்பியும் என் பனியனும் தெரிகின்றன. பெட்டி புதிய ரேமை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் தாமதம் என்று வைத்துக்கொள்ளலாம். செத்துப்போனதாலும் தாமதமாகலாம். இரண்டுக்கும் வெளியிலிருந்து ஒரே முகம்தான். ரேம் பட்டையைப் பள்ளத்தில் வைத்து இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினால் டக் என்று சத்தம் வர வேண்டும், அது வந்தால்தான் சரியாக உட்கார்ந்தது என்று அர்த்தம். முதல் பட்டைக்கு இரண்டு முனையிலும் டக் கேட்டது. இரண்டாவதற்கு ஒரு முனையில் கேட்டது. மறுமுனையில் கேட்டதா, அல்லது அந்த நேரம் பார்த்து ஆடிக் காற்று மொட்டைமாடிக் கதவை அடித்ததை நான் டக் என்று எடுத்துக்கொண்டேனா? மறுபடி திறந்து பார்க்கலாம். திறக்க வேண்டுமென்றால் அணைக்க வேண்டும். அணைக்காதே என்றுதான் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் அணைத்தால் மதர்போர்டு போய்விடும் என்றாரா, போய்விடலாம் என்றாரா, இல்லை அப்படி எதுவுமே சொல்லாமல் நானே சேர்த்துக்கொண்டேனா? தொடுவதற்கு முன் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொள்ள வேண்டும், உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். முதல் பட்டையை எடுக்கும்போது தொட்டேன், கம்பி ஜில்லென்று இருந்தது, நினைவிருக்கிறது. இரண்டாவதற்குத் தொட்டேனா? ஜில்லென்று இருந்தது ஒரு தடவைதான் நினைவில் இருக்கிறது. ஆனால் ஒரு கம்பி இரண்டு தடவை ஒரே மாதிரி ஜில்லென்று இருந்தால் நினைவு அதை ஒன்றாகத்தானே போட்டு வைக்கும்.

இது வந்தால் நான் இந்த மாடி அறையில் என் தொழிலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். வராவிட்டால் பல்லடத்துக்குப் போக வேண்டும். அப்படித்தான் நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை இலையில் உட்கார்ந்துகொண்டு, எதிரில் என் மனைவியின் அண்ணன், மச்சான் ஈஸ்வரமூர்த்தி சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது. மச்சானுக்குப் பல்லடம் தாண்டி ஒரு நூல் மில் இருக்கிறது. பராமரிப்பு பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று ஆரம்பித்தார். மாப்ள, வெளியாளை வெச்சா பேரிங்கைக் கழட்டி வித்துப்போடறானுங்க, நீங்க வந்து கண்ணாடி ரூம்ல சும்மா உக்காருங்க போதும் என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம்தான் அதைச் சொன்னார். மாடில உக்காந்து கம்ப்யூட்டருக்குள்ள இரும்பு ஊத்தறீங்களே மாப்ள, ஒரு சொட்டாச்சும் மேல பட்டிருக்குதுங்களா? என் இடது பாதத்தில், கட்டைவிரலுக்கு மேலே, இரும்பை உருக்கி வார்க்கும் ஊற்றுப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரும்பு தெறித்த வடு இருக்கிறது. அதற்கு மேலேதான் அப்போது சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். காலை நீட்டிக் காட்டியிருக்கலாம். சாப்பிடுகிற இடத்தில் காலை நீட்டுவதா என்று இருந்துவிட்டேன். அதற்குப் பதிலாக வாயில் வந்தது இது. மெஷினை ஒருக்கா தேத்திப் பாக்கறேன் மச்சான், தேறலீன்னா வந்தர்றேன். ஏன் சொன்னேன்? யாரும் என்னைக் கழுத்தில் துண்டு போட்டு இழுக்கவில்லை. பார்க்கலாம் என்று சொன்னால் போதும், பார்க்கலாம் என்று சொல்லியே பலர் ஒரு ஆயுளை ஓட்டிவிடுகிறார்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த சாந்தாமணியின் கை நின்றது. கரண்டி ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு என் இலையில் ரசம் விழுந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, கையை மட்டும்தான் பார்த்தேன். அப்பாடா என்று நின்ற கை அது என்று அன்றைக்குத் தோன்றியது. அவளும் எத்தனை நாள்தான் மாடியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். மாத முதல் தேதியில் ஒழுங்காகச் சம்பளத்தோடு வீட்டுக்கு வருகிற ஒரு புருஷன் அவளுக்கு வேண்டாமா? இன்றைக்கு மதியத்துக்குள் முடிவு சொல்லிருங்க, இல்லீன்னா இன்னொருத்தனை வெச்சுக்கறேன் என்று காலையில் மச்சான் போன் செய்தார். அதற்குப் பிறகுதான் நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

திரை இன்னும் வரவில்லை. விசிறிச் சத்தம் சற்றுக் குறைந்த மாதிரி இருக்கிறது. குறைந்தால் நல்லதா கெட்டதா? ஒரு நோயாளி திடீரென்று அமைதியானால் உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி நான் பார்க்கிறேன், எதிரில்தான் முகம் இல்லை. சென்னியப்பனின் வேலை இதற்குள் இருக்கிறது. சென்னியப்பன் தண்ணீர்ப்பந்தல் பகுதியில் ஊற்றுப்பட்டறை வைத்திருக்கிறார், பெரிய பம்ப்புகளுக்கு வெளிக்கூடு ஊற்றுகிறார். ஊற்றுவதெல்லாம் பார்வைக்கு நன்றாகத்தான் வருகிறது. லேத்தில் கடைந்து முடித்துத் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும்போது கழுத்துப் பக்கம் வியர்க்கிறது, தண்ணீர் முத்து முத்தாகக் கசிகிறது. சுவருக்குள்ளே எங்கேயோ குழி. உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கும், எந்த இடம் எல்லாவற்றுக்கும் கடைசியில் குளிர்கிறதோ அங்கே போதாமல் போய்க் குழி விழும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அதன் தலைமேல் கூடுதலாக ஒரு இரும்புத் தொட்டியை வைத்துவிட்டால் குழி தொட்டிக்குள் போய்விடும், பிறகு தொட்டியை வெட்டி எறிந்துவிடலாம். என் தொழில் மொத்தமும் இவ்வளவுதான். கடைசியில் குளிரும் இடத்தைச் சொல்வது. பட்டறையில் இருந்தபோது கையால் தடவி, பழக்கத்தால் சொன்னோம், பாதி சரியாக இருந்தது. பிறகு சாஃப்ட்வேர் வந்தது. உருவத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டமும் எப்போது குளிரும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, நீலமாகும், எங்கேயாவது ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் நீலத்துக்குள் மிச்சமிருக்கும், அதுதான் குழி. பத்து வருஷமாக இந்தப் பெட்டி எனக்கு அந்தப் பொட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்ததும் திணற ஆரம்பித்தது. கட்டங்கள் சின்னதாகச் சின்னதாகச் சுவருக்குள் இருப்பது தெரியும், ஆனால் அத்தனை கட்டங்களையும் நினைவில் வைத்துக்கொள்ள இதனால் முடியவில்லை. சென்னியப்பனின் கூட்டைப் போட்டால் பாதி மஞ்சளாகும்போது அப்படியே உறைந்துபோகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் மஞ்சளில் நின்றது. சென்னியப்பன் நல்ல மனுஷர், அவசரப்படுத்தவில்லை. உங்க மிசின் என்னங்க, எங்க ஊர் மினி பஸ்ஸாட்ட மேடு வந்தா நின்னுக்குது என்று மட்டும் சொன்னார். கூடவே, வேற பொடுசு ஒருத்தன் சிட்கோவுல இதே வேலைக்குக் கடை போட்டிருக்கறானாமாங்க என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் டீக் கிளாசைப் பார்த்தார். அதுதான் எனக்கு உறைத்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை.

புதிதே வாங்கிவிடுங்கள் என்றுதான் கடைக்காரரும் சொன்னார். இந்த போர்டுக்கு இந்த ரேமெல்லாம் இப்ப வர்றதே இல்லீங்க சார், இருக்கறது இந்த ரெண்டுதான், இதுக்குப் போய் எதுக்குங்க. இருந்த அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். டிஸ்க்கை முன்பே ஒருமுறை மாற்றியாகிவிட்டது. கரண்ட் கொடுக்கும் டப்பாவை இந்த வாரம் மாற்றினேன். நேற்று மாலை பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினேன். கழற்றியவுடன் போனில் கடைக்காரர் சொன்னபடி, திரையின் ஒயரை போர்டிலேயே இருக்கிற சாக்கெட்டில் குத்திப் பார்த்தேன், புது டப்பா வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள. திரை வந்தது. வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இல்லை, அதுதான் விசித்திரம். பசி என்று நினைத்துக்கொண்டு கீழே போய்ச் சாப்பிட்டேன். இன்று காலை புதுக் கார்டையும் ரேமையும் போட்டேன். இனிப் பழையது என்று மிச்சமிருப்பது போர்டும் வெளித் தகரமும்தான். அப்படியானால் எதைத்தான் நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்? எனக்கும் கடைவாய்ப் பல்லில் உறை போட்டிருக்கிறது, கண்ணுக்கு, மேல்பாதியில் தூரத்தையும் கீழ்ப்பாதியில் பக்கத்தையும் காட்டும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியால்தான் பெட்டிக்குள் குனிந்தால் எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கோழி மாதிரித் தலையை மேலும் கீழும் ஆட்ட வேண்டியிருக்கிறது. ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த டக். அல்லது காற்று. பெட்டியைத் திறந்தபோது அடியில் கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது. விரலால் எடுத்தால் ஒரு துண்டாகவே வந்தது. பத்து வருஷமாக இந்த அறையில் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான், அந்தத் தூசியில் பாதி என் தோலாகத்தான் இருக்க வேண்டும். அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கையை விரித்தேன், காற்று ஒரே வாயில் வாங்கிக்கொண்டு போனது. அப்போதும் சந்தோஷமாக இல்லை. இதற்கு என்ன பெயர்? பயம் என்றால் எதைப் பற்றிய பயம்? இது ஓடாது என்றா, ஓடிவிடும் என்றா? ஓடிவிட்டால் சென்னியப்பனின் கூடு உள்ளே போகும், சிவப்புப் பொட்டு வரும், நான் இங்கே தொட்டி வையுங்கள் என்று சொல்வேன், அவர் வைப்பார், அதற்கப்புறமும் வியர்த்தால்? இத்தனை நாள் மெஷின் சரியில்லை என்று இருந்தது. இனி மெஷின் சரியாக இருக்கும். மிச்சமிருப்பது நான்தான்.

மெஷினைக் குற்றம் சொல்வதில் எவ்வளவு சுகம் இருக்கிறது. சென்னியப்பனின் ஆபீசில் முன்பொருமுறை புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். திரை வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனால், பெட்டிக்கு விபூதி பூசி எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்கள், கணக்கு எழுதுகிறவர் அதன் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், வாங்கின நாளே சரியில்லை என்கிறார். நான் பின்பக்கம் கையை விட்டு ஒயரைப் பிடுங்கி வேறு சாக்கெட்டில் குத்தினேன், வந்துவிட்டது. சென்னியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒயரை மாத்திக் குத்திப்போட்டு நாளைக் கொற சொல்லிக்கிட்டிருக்கறானுங்க பாருங்க என்றார். நானும் சிரித்தேன். கணக்கு எழுதுகிறவர் மட்டும் சிரிக்காமல் எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கொடுத்த டீயில் இஞ்சி கூடுதலாக இருந்தது, தொண்டையில் காரம் நின்றது. அந்தக் காரம் இப்போதும் தொண்டையில் இருக்கிற மாதிரி இருக்கிறது, தூசியாக இருக்கலாம். எதற்காக இப்போது அது நினைவுக்கு வருகிறது? அந்த மனிதர் நின்ற மாதிரியே நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பதாலா? கையைப் பிரித்துவிட்டேன். பிரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கீழே சாந்தாமணி பாத்திரம் தேய்க்கிறாள். வழக்கமாக இந்த நேரத்துக்குத் துணி காயப்போட மேலே வருவாள், என் அறையைத் தாண்டித்தான் மொட்டைமாடிக்குப் போக வேண்டும், போகிறபோது உள்ளே பார்க்காமல் போவாள். இன்று வரவில்லை. ஈரத்துணி வாளியிலேயே கிடக்கிறது போலிருக்கிறது. எனக்கு இடைஞ்சல் வேண்டாம் என்றா, முடிவு தெரிகிற வரை என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றா? மச்சானின் மில்லை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடி அறைக்கு நாலு பக்கமும் பஞ்சு பறக்கும், உள்ளே சத்தம் வராது. உள்ளே இருக்கிறவர் வாயை அசைத்தால் வெளியே இருக்கிறவருக்குக் கேட்காது, கையைக் காட்ட வேண்டும். சம்பளத்தன்றைக்கு மச்சான் அந்தக் கண்ணாடியை விரலால் தட்டுவார், நான் எழுந்து வருவேன். மாப்ள என்றுதான் கூப்பிடுவார், மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. அதுதான். ஒரு குறையும் இருக்காது. அங்கே எது எப்போது குளிரும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் டீக் கிளாசைப் பார்த்துக்கொண்டு பேச மாட்டார்கள். தூங்கலாம். நான் எவ்வளவு நாளாகிவிட்டது நன்றாகத் தூங்கி. அப்படியானால் எனக்கு வேண்டியது அதுதானா? அதுதான் என்றால் எதற்கு இங்கே தரையில் உட்கார்ந்து பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

சும்மா இருக்க முடியாமல் விசைப்பலகையில் எண்களைப் பூட்டுகிற நம்-லாக் பொத்தானைத் தட்டினேன். மூலையில் சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினேன், அணைந்தது. மறுபடி, எரிந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் நாலைந்து தடவை தட்டிக்கொண்டிருந்தேன். செத்த பெட்டி பொத்தானுக்கு விளக்குப் போடாது. எண்ணி முடித்துவிட்டது. எப்போதோ முடித்துவிட்டது. நான் தட்டுவது அதற்குக் கேட்கிறது, பதில் சொல்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கேட்கிறது, திரையில்தான் தெரியவில்லை. அப்படியென்றால் இடையில் இருக்கிற ஒயர். முழங்காலில் நகர்ந்து மேசைக்கு அடியில் பெட்டியின் பின்பக்கம் போனேன். இருட்டு. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பார்க்கத் தலையைத் தூக்கினேன், மேசை விளிம்பு மண்டையில் இடித்தது. கருப்பு ஒயர் திரையிலிருந்து இறங்கி வருகிறது, சுவரோரமாக வளைகிறது, பெட்டிக்கு வருகிறது, போர்டின் சாக்கெட்டில் குத்தியிருக்கிறது. நேற்று மாலை நான் குத்திய அதே இடம். அதற்குக் கீழே ஒரு சாண் தள்ளிப் புதுக் கார்டின் வாய்கள் வரிசையாகக் காலியாக இருக்கின்றன, ஒன்றின் பாதுகாப்பு மூடியைக்கூட இன்னும் கழற்றவில்லை. புதுக் கார்டு உட்கார்ந்தால் போர்டு தன் சாக்கெட்டை மூடிக்கொள்ளும், படம் கார்டு வழியாகத்தான் வரும். இது எனக்குத் தெரியும். சென்னியப்பன் ஆபீசில் சிரித்தேனே, எனக்குத் தெரியாதா? இன்று காலை பெட்டியை மூடியபோது ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தேன். கரண்ட் ஒயர், விசைப்பலகை, மவுஸ், இணையம். இந்த ஒயரையும் தொட்டேன். தொட்டு, ஆட்டிப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது என்று விட்டேன். அந்த ஆட்டல் விரலில் இன்னும் இருக்கிறது. அப்படியானால் மறந்தேன் என்று சொல்ல முடியுமா? மறப்பது என்றால் தொடாமல் விடுவது. தொட்டுப் பார்த்து, தப்பான இடத்தில் இறுக்கமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டு எழுந்து வந்தால் அதற்கு என்ன பெயர்? வயது என்று சொல்லலாம். கண்ணாடி என்று சொல்லலாம். மச்சான் காலையில் போன் செய்ததால் கவனம் கலைந்தது என்று சொல்லலாம். எல்லாமே சொல்லலாம், எல்லாமே பொருந்தும், அதுதான் பயமாக இருக்கிறது. இத்தனை நேரம் இந்தப் பெட்டி முழு உயிரோடு ஓடி, யாரும் பார்க்காத ஒரு வாயில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இங்கே நான் ஜில்லென்று இருந்த கம்பி ஒன்றா இரண்டா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒயரைப் பிடித்தேன். பிடித்தபடியே இருந்தேன். படியில் கால் சத்தம் கேட்டது, சாந்தாமணியின் மெட்டி சத்தம், படியின் திருப்பத்தில் வழக்கம்போல் ஒரு கணம் நின்று வந்தது. மேசைக்கு அடியிலிருந்து எனக்கு அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன, புடவை ஓரம் நனைந்திருந்தது. அவளுக்கு என் முதுகும் உள்ளங்கால்களும் தெரிந்திருக்கும். போன் அவள் கையில் இருக்க வேண்டும், மச்சானின் குரல் அதற்குள் சின்னதாக, தகர டப்பாவுக்குள் வண்டு போல் பேசிக்கொண்டிருக்கிறது.

"ஏனுங்க, அண்ணன் லைன்ல இருக்கறாரு. என்னன்னு சொல்லட்டுங்க?"

திரை வரலை. அதுதான் என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அது பொய்கூட இல்லை. திரை வரவில்லைதான், அவள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் கருப்புதான் தெரியும். அந்த இரண்டு சொல்லைச் சொன்னால் போதும். மெஷின் தேறவில்லை, வந்துவிடுகிறேன் என்று சொன்னேன், வந்துவிட்டேன். யார் மேலும் குற்றமில்லை. சென்னியப்பனுக்கும் சொல்லிவிடலாம், அந்தப் பையனிடமே கொடுத்துவிடுங்கள், என் மெஷின் போய்விட்டது என்று. அவர் வருத்தப்படுவார், உண்மையாகவே வருத்தப்படுவார். பிறகு தூக்கம். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். கையில் ஒயர் இருந்தது, அதைப் பிடுங்கவும் இல்லை, விடவும் இல்லை. அவள் பாதத்தில் ஒரு விரல் மேலே எழுந்து கீழே அமர்ந்தது. பிறகு அவள் என்னிடம் இல்லை, போனிடம் பேசினாள்.

"ஓடிருச்சுங்ண்ணா. ஆமாங்ண்ணா, இப்பத்தான். நல்லா ஓடுது. இல்லீங்ண்ணா, அவரு வரமாட்டாரு, நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

வண்டு இன்னும் கொஞ்சம் பேசியது. சரிங்ண்ணா, அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க என்றாள். போன் அணைகிற சத்தம். மேசைக்கு அடியிலிருந்து வெளியே வர எனக்குத் தோன்றவில்லை. வந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் விட்ட அதே முகம். அந்தக் கரண்டி நின்றதற்கு நான் எடுத்துக்கொண்ட அர்த்தம் என்ன, அவள் வைத்திருந்த அர்த்தம் என்ன? இவள் திரையைப் பார்த்தாளா? பார்த்திருந்தால் கருப்பு என்று தெரிந்திருக்கும். பார்க்காமல் சொன்னாளா, பார்த்துவிட்டுச் சொன்னாளா?

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றேன், பெட்டியின் முதுகைப் பார்த்து.

"நீங்க எப்பச் சொன்னீங்க? அதான் நானே சொன்னேன்."

"ஓடலீன்னா?"

"ஓடலீன்னா ஓடலை. அதுக்குன்னு அங்க போய் அண்ணன் கண்ணாடியைத் தட்டறப்ப எந்திரிச்சு நிப்பீங்களா? என்னால பாக்க முடியாது." அவள் பாதங்கள் படிப் பக்கம் திரும்பின. "மூக்கெல்லாம் கருப்பா இருக்கும், வந்து கழுவுங்க. அப்பறம் அந்த வாளியைக் கொஞ்சம் மேல தூக்கிட்டு வாங்க, எனக்கு முட்டி வலிக்குது."

மெட்டி சத்தம் கீழே இறங்கியது. கண்ணாடியைத் தட்டுவதைப் பற்றி நான் அவளிடம் எப்போது சொன்னேன்? சொன்னதில்லை. இப்போதுதான், கொஞ்சம் முன்பு, எனக்குள்ளேதான் அதை நினைத்தேன். அவளும் அந்த மில்லுக்கு என்னோடு வந்திருந்தாள், அவளும் பார்த்திருப்பாள், அவ்வளவுதான். ஆனால் பார்த்ததை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்? அவள் பொய் சொன்னாள். அவள் சொன்னது உண்மை. அது உண்மை என்று அவளுக்குத் தெரியாது. பொய் என்று நினைத்துத்தான், கூடப் பிறந்தவரிடம், எனக்காகச் சொன்னாள். நான் உண்மை தெரிந்துகொண்டு பொய் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தேனா? அதுகூட நிச்சயமில்லை. இன்னொரு கணம் அவள் பொறுத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை. அவளிடம் கேட்கவும் முடியாது, எந்த இடத்திலிருந்து கேட்பது?

ஒயரைப் பிடுங்கினேன். இறுக்கமாகத்தான் இருந்தது. புதுக் கார்டின் மூடியைக் கழற்றிவிட்டு அதில் குத்தினேன். வெளியே வருவதற்குள் சுவரில் வெளிச்சம் விழுந்தது, நீலமாக, சுவரில் மாட்டிய காலண்டரில் பட்டது. எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால்களில் தரையின் கோலம் பதிந்திருந்தது. திரையில் வரிகள். ரேமின் அளவு மாறியிருக்கிறது என்கிறது. முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு. கண்ணாடியின் மேல்பாதியில் ஒரு தடவையும் கீழ்ப்பாதியில் ஒரு தடவையும் படித்தேன். இரண்டு பட்டையையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறது. அப்படியானால் மறுமுனையும் உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்ட டக் காற்றில்லை, என் கைதான். நல்லது. அந்தக் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் தூசி, கட்டைவிரலில் பட்டை அழுத்திய கோடு இன்னும் சிவப்பாக இருக்கிறது. அதே கைதான் ஒயரையும் தொட்டுப் பார்த்து, சரி என்று விட்டிருக்கிறது. திரை காத்துக்கொண்டிருக்கிறது. தொடர ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும் என்று கடைசி வரியில் கேட்டுவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு வந்து வந்து போகிறது. கீழே வாளியின் கைப்பிடி கிணுகிணுத்தது. முட்டி வலியோடு அவளே தூக்கப் பார்க்கிறாள்.

வர்றேன், வெச்சுரு என்று கத்தினேன். பொத்தானை அழுத்திவிட்டுப் போனேன்.